எல்வா ஆறு: அணை அகற்றமும் சால்மன் மீட்பும்

எல்வா ஆறு அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், வாஷிங்டன் மாநிலத்தில் ஓடும் ஒரு மலையாறு. ஒலிம்பிக் மலைத்தொடரின் பனிமுகடுகளில் தோன்றி வடக்கு நோக்கிச் சுமார் 72 கிலோமீட்டர் ஓடி, போர்ட் ஏஞ்சலிஸ் நகருக்கு மேற்கே ஜுவான் டி ஃபூகா நீரிணையில் கலக்கிறது. நீளத்தில் நம் தாமிரபரணியை விடவும் சிறியது. ஆயினும் ஆற்று மீன்களின் பாதுகாப்பைப் பற்றிப் படிப்பவர்கள் உலகெங்கும் இந்த ஆற்றின் பெயரை அறிவர். இதன் குறுக்கே ஏறத்தாழ நூறாண்டுகள் நின்ற இரண்டு அணைகள் 2011 முதல் 2014 வரை இடித்து அகற்றப்பட்டன. அதுவரை உலகில் நடந்த அணை அகற்றங்களில் இதுவே மிகப் பெரியது. அணைகள் ஏன் வந்தன, எப்படிப் போயின, மீன்கள் திரும்பியதை எவ்வாறு கணக்கிட்டார்கள் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ஆறும் மீனும்

சால்மன் என்ற பெயரைத் தமிழ்நாட்டு மீன் சந்தைகளிலும் கேட்கலாம். கடற்கரை ஊர்களில் கிடைக்கும் காலா மீனை 'இந்தியன் சால்மன்' என்று சிலர் விற்பதுண்டு. அதற்கும் உண்மையான சால்மனுக்கும் உறவில்லை. சால்மன் குளிர்நாட்டு மீன். ஆற்றின் மேற்பகுதியில், தெளிந்த குளிர்நீர் ஓடும் சரளைக்கற்களுக்கு இடையே முட்டையிலிருந்து பிறக்கிறது. சில மாதங்களோ ஓரிரு ஆண்டுகளோ ஆற்றில் வளர்ந்தபின் கடலுக்குச் செல்கிறது. கடலில் பருத்து, முட்டையிடும் காலம் வந்ததும் பெரும்பாலும் தான் பிறந்த ஆற்றுக்கே திரும்பி, நீரோட்டத்தை எதிர்த்து ஏறுகிறது. பசிபிக் சால்மன் வகைகள் முட்டையிட்டவுடன் இறந்துவிடும். பெண் மீன் வாலால் சரளையைத் தோண்டிக் குழி பறித்து முட்டையிட்டு, மேலே மீண்டும் கல்லைத் தள்ளி மூடும். இந்த முட்டைக்குழிகள் ஆற்றங்கரையில் நடப்பவர் கண்ணுக்கே தெரியும். பின்னால் வரப்போகும் கணக்கெடுப்புக்கு இது முக்கியம்.

கடலிலிருந்து ஆற்றில் ஏறி முட்டையிடும் பழக்கம் நமக்கும் புதியதன்று. காவிரியில் முன்பு ஏறிவந்த உள்ளம் மீன் அத்தகையதே. கொள்ளிடத்தின் கீழணையும், பின்னர் 1934இல் மேட்டூர் அணையும் அதன் வழியை அடைத்தன.

எல்வாவில் சினூக், கோஹோ, பிங்க், சம், சாக்ஐ ஆகிய ஐந்து பசிபிக் சால்மன் வகைகளும் இருந்தன. இவற்றோடு ஸ்டீல்ஹெட், கட்த்ரோட் டிரவுட், புல் டிரவுட் போன்ற நெருங்கிய உறவினங்களும் வாழ்ந்தன. ஒரே ஆற்றில் இத்தனை வகைகள் சேர்ந்திருப்பது அரிது. எல்வாவின் சினூக் மீன்கள் உருவத்தில் மிகப் பெரியவை எனப் பெயர் பெற்றவை. 100 பவுண்டு, அதாவது 45 கிலோ எடையுள்ள மீன்களைப் பற்றிய செய்திகள் வழிவழியாகச் சொல்லப்பட்டு வருகின்றன. அணைக்கு முன் ஆண்டுக்கு ஏறத்தாழ நான்கு லட்சம் மீன்கள் ஏறின என்று பல நூல்களில் காணலாம். இந்த எண் பிற்கால ஆய்வாளர்கள் ஆற்றின் பரப்பையும் வாழிடத்தையும் கொண்டு கணித்த மதிப்பீடு. அக்காலத்தில் யாரும் கரையில் நின்று எண்ணவில்லை. மாணவர்கள் இவ்வெண்ணை எடுத்தாளும்போது இதை நினைவில் வைக்க வேண்டும்.

கிளாலம் மக்கள்

ஆற்றின் முகத்துவாரப் பகுதியில் எல்வா கிளாலம் என்னும் பூர்வகுடி மக்கள் வாழ்கின்றனர். அவர்களது உணவு, சடங்கு, பருவக் கணக்கு அனைத்தும் சால்மனைச் சுற்றியே அமைந்தவை. கிளாலம் உள்ளிட்ட இனக்குழுக்கள் 1855இல் அமெரிக்க அரசுடன் பாயிண்ட் நோ பாயிண்ட் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. பெருமளவு நிலத்தை விட்டுக்கொடுத்த அவர்கள், வழக்கமான இடங்களில் மீன்பிடிக்கும் உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொண்டனர். ஆனால் உரிமை தாளில் இருந்தது. ஆற்றங்கரையில் மாநில அதிகாரிகள் இருந்தார்கள். தம் ஆற்றிலேயே மீன்பிடித்ததற்காகக் கைது செய்யப்பட்ட அனுபவங்களை இம்மக்களின் முதியோர் பின்னாளில் பதிவு செய்துள்ளனர்.

அணைகள் வந்த விதம்

தாமஸ் ஆல்ட்வெல் என்பவர் கனடாவில் பிறந்து போர்ட் ஏஞ்சலிஸில் குடியேறியவர். எல்வாவின் குறுகிய பள்ளத்தாக்கைக் கண்டதும் அதில் மின்சாரம் எடுக்கலாம் என்று எண்ணி, பல ஆண்டுகளாகச் சத்தமின்றி ஆற்றோர நிலங்களை வாங்கினார். 1910இல் அணை வேலை தொடங்கியது. முகத்துவாரத்திலிருந்து சுமார் 8 கிலோமீட்டர் தொலைவில், 108 அடி உயரத்தில் எல்வா அணை எழுந்தது.

அணையைக் கட்டியவர்கள் அதை ஆற்றடிப் பாறை வரை இறக்கவில்லை, சரளையின்மேல் நிறுத்தினார்கள். 1912 அக்டோபர் 30 அன்று நீர் அடியில் துளைத்துக்கொண்டு வெளியேறியது. வெள்ளம் கீழே பாய்ந்து, கிளாலம் மக்களின் வீடுகள் இருந்த சமவெளியை மூழ்கடித்தது. பாறைத் துண்டுகளையும் ஃபிர் மரக்கிளைகளால் பின்னிய பாய்களையும் போட்டு ஓட்டையை அடைத்து, மேலே கான்கிரீட் இட்டார்கள். 1913 இறுதியில் மின்சாரம் வந்தது.

மீனுக்கான வழி இந்த அணையில் இல்லை. இத்தனைக்கும் மீன் ஏறும் ஆற்றில் அணை கட்டினால் அது ஏறிச்செல்ல வழி வைக்க வேண்டும் என்று வாஷிங்டன் மாநிலச் சட்டம் 1890 முதலே கூறிவந்தது. மாநில மீன்வள ஆணையராக 1913இல் பொறுப்பேற்ற லெஸ்லி டார்வின் ஒரு குறுக்குவழி கண்டார். அணையை ஒட்டியே குஞ்சு பொரிப்பகம் ஒன்றைக் கட்டினால், முட்டை சேகரிப்பதற்காக மீனைத் தடுக்கும் தடுப்பாக அணையைக் கருதலாம்; அப்போது அணை சட்டவிரோதம் ஆகாது என்பது அவரது யோசனை. 1915இல் சட்டமே திருத்தப்பட்டு, மீன்வழிக்குப் பதிலாகப் பொரிப்பகம் போதும் என்றானது. எல்வாவில் கட்டிய பொரிப்பகம் நினைத்த பலனைத் தரவில்லை. 1922இல் அதைக் கைவிட்டார்கள். அணை நின்றது, பொரிப்பகம் போனது, மீன்வழி வரவேயில்லை. வட அமெரிக்க மேற்குக் கரையில் பிற்காலத்தில் எத்தனையோ ஆறுகளில் கையாளப்பட்ட 'அணைக்கு ஈடாகப் பொரிப்பகம்' என்னும் கொள்கைக்கு இதை ஒரு தொடக்க உதாரணமாகக் கொள்ளலாம்.

1927இல் மேலே இன்னோர் இடுக்கில் 210 அடி உயர கிளைன்ஸ் கேன்யன் அணை கட்டி முடிக்கப்பட்டது. அதிலும் மீன்வழி இல்லை. ஆக, 72 கிலோமீட்டர் ஆற்றில் கடைசி 8 கிலோமீட்டர் மட்டுமே கடல் மீனுக்கு மிஞ்சியது. அதுவும் நல்ல நிலையில் இல்லை. மேலிருந்து வரவேண்டிய சரளையும் மரத்துண்டுகளும் அணைகளுக்குப் பின்னே சிக்கிக்கொண்டன. அணைக்குக் கீழே முட்டையிட ஏற்ற கல் அடித்துச் செல்லப்பட்டுப் பெரும்பாறைகள் மட்டும் எஞ்சின. முகத்துவாரக் கடற்கரை அரித்துச் சென்றது.

சட்டத்தின் நீண்ட வழி

நிலைமை மாறத் தொடங்கியது 1974இல். நீதிபதி ஜார்ஜ் போல்ட் அளித்த தீர்ப்பு, 1850களின் உடன்படிக்கைகள் செல்லும் என்றும், பிடிக்கத்தக்க மீனில் பாதி வரை பூர்வகுடிகளுக்கு உரியது என்றும் கூறியது. 1979இல் உச்ச நீதிமன்றமும் அதன் சாரத்தை உறுதிசெய்தது. மீனில் பங்கு உண்டு என்றானபின், மீனே வரமுடியாத ஆறு என்பது சட்டப் பிரச்சினையாக மாறியது.

அணைகளுக்கு நடுவண் அரசின் உரிமம் தேவைப்பட்டதும் ஒரு பிடியாக அமைந்தது. எல்வா அணைக்கு அந்த உரிமம் ஒருபோதும் இருந்ததில்லை. கிளைன்ஸ் கேன்யன் அணையின் 50 ஆண்டு உரிமம் 1976இல் முடிந்தது. மேலும் அந்த மேல் அணை இதற்கிடையில் ஒலிம்பிக் தேசியப் பூங்காவின் எல்லைக்குள் வந்துவிட்டிருந்தது. 1980களில் கிளாலம் மக்களும் இயற்கைப் பாதுகாப்பு அமைப்புகளும் உரிம விசாரணையில் தலையிட்டு, அணைகளை அகற்றக் கோரினர். அணைகள் அப்போது முக்கியமாக ஒரு காகித ஆலைக்கே மின்சாரம் தந்துகொண்டிருந்தன. நீண்ட வழக்கைத் தவிர்க்கும் சமரசமாக 1992இல் அமெரிக்க நாடாளுமன்றம் எல்வா ஆற்றுச் சூழலமைப்பு மற்றும் மீன்வள மீட்புச் சட்டத்தை இயற்றியது. சட்டம் வந்தும் பணம் உடனே வரவில்லை. 2000இல்தான் அரசு இரு அணைகளையும் 2.95 கோடி டாலருக்கு வாங்கியது. இடிப்பு தொடங்க இன்னும் பதினொரு ஆண்டுகள் ஆயின.

மொத்தச் செலவு சுமார் 32.5 கோடி டாலர். இதில் அணையை உடைக்கும் ஒப்பந்தத்தின் மதிப்பு 3 கோடிக்கும் குறைவு. பெரும்பகுதி, கலங்கப்போகும் ஆற்று நீரை நகரத்துக்கும் ஆலைக்கும் பொரிப்பகத்துக்கும் தெளித்துத் தரும் நிலையங்கள் போன்றவற்றுக்கே போனது.

இடிப்பும் வண்டலும்

2011 செப்டம்பரில் வேலை தொடங்கியது. எல்வா அணை 2012 மார்ச்சுக்குள் இல்லாமற்போனது. கிளைன்ஸ் கேன்யன் அணையை மேலிருந்து படிப்படியாக வெட்டிக் குறைத்தார்கள். மீன் ஏறும் காலங்களில் வேலையை நிறுத்தினார்கள். இரு நீர்த்தேக்கங்களிலும் சேர்த்து ஏறத்தாழ 3 கோடி டன் வண்டல் படிந்திருந்தது. அது இறங்கத் தொடங்கியபோது ஆறு காபி நிறத்தில் ஓடியது. நீர் சுத்திகரிப்பு நிலையம் அடைத்துக்கொண்டதால் ஏறத்தாழ ஓராண்டு இடிப்பு நின்றது. 2014 ஆகஸ்டில் கடைசி வெடி வைக்கப்பட்டது. முதல் ஐந்து ஆண்டுகளில் வண்டலில் மூன்றில் இரண்டு பங்கு கீழே இறங்கி, முகத்துவாரத்தில் புதிய மணற்பரப்பை உருவாக்கியது.

நீர் வடிந்த தேக்கத்தின் அடியிலிருந்து, தம் இனம் படைக்கப்பட்ட இடம் என்று கிளாலம் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த பாறை 2012இல் வெளிப்பட்டது. அதைக் கண்ணால் பார்த்தவர் எவரும் அதுவரை உயிரோடு இல்லை.

இடிப்பு முடிந்ததும் எல்லாம் சரியாகிவிடவில்லை. மேல் அணை இருந்த இடுக்கில் பெரும்பாறைகள் விழுந்து கிடந்ததால், நீரின் வேகத்தை மீறி மீன்கள் ஏறத் திணறின. 2015, 2016 ஆண்டுகளில் அந்தப் பாறைகளை வெடிவைத்து உடைக்க வேண்டியிருந்தது. பாறை அடைத்திருப்பதைக் காட்டியதும் மீன் கணக்கெடுப்புதான். கீழே வந்து சேர்ந்த மீன்களில் மிகச் சிலவே மேலே தென்பட்டன.

மீனை எண்ணும் முறை

கலங்கிய ஆற்றில் மீனை எப்படி எண்ணுவது? எல்வாவில் இதற்கு ஒரே ஒரு விடை இருக்கவில்லை.

முதலாவது, சோனார். முகத்துவாரத்துக்குச் சற்று மேலே ஆற்றுக்குள் வைக்கப்பட்ட கருவி ஒலி அலைகளை அனுப்பி, கடந்து செல்லும் மீனின் நிழலுருவைத் திரைப்படம்போல் பதிவு செய்கிறது. இரவானாலும் நீர் சேறானாலும் இது வேலை செய்யும். பிறகு ஒருவர் அமர்ந்து பதிவைப் பார்த்து, மேலேறிய மீனைக் கூட்டி, கீழிறங்கியதைக் கழிக்க வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் பணி இது. சோனாருக்கு ஒரு குறையும் உண்டு: மீனின் நீளம் தெரியும், வகை தெரியாது. எனவே எந்த மாதத்தில் எந்த மீன் ஏறும் என்ற அறிவையும், அவ்வப்போது வலைவீசிப் பிடித்துப் பார்த்த விகிதத்தையும் சேர்த்தே வகைவாரிக் கணக்கு போடப்படுகிறது.

இரண்டாவது, நடந்து எண்ணுவது. முட்டையிடும் பருவத்தில் கரையோரமாக நடந்து முட்டைக்குழிகளைக் குறித்துக்கொள்வார்கள். நீர் தெளிந்த மேற்பகுதிகளில் மூச்சுக்குழாய் அணிந்து நீரோடு மிதந்தபடி மீனை எண்ணுவதும் உண்டு. மூன்றாவது, கடலுக்குப் போகும் குஞ்சுகளைக் கணக்கிடுவது. ஆற்றில் மிதக்கும் கூம்பு வடிவப் பொறி நீரோட்டத்தால் சுழன்று இளமீன்களைப் பிடித்துத் தரும். எண்ணி, அளந்து, விட்டுவிடுவார்கள். ஏறிய மீன் எத்தனை என்பது ஒரு கேள்வி; அவற்றின் பிள்ளைகள் எத்தனை பிழைத்தன என்பது வேறொரு கேள்வி. இரண்டாவதற்கு விடை இந்தப் பொறியில் கிடைக்கும். ஆற்று நீரை எடுத்து, அதில் மிதக்கும் மரபணுத் துணுக்குகளைக் கொண்டு எந்தெந்த மீன் எங்குவரை சென்றுள்ளது என்று அறியும் புதிய முறையும் எல்வாவில் கையாளப்பட்டது.

இந்தப் பணிகளில் லோயர் எல்வா கிளாலம் பழங்குடி அரசின் மீன்வளத் துறை, தேசியப் பூங்கா, மாநில மீன்வளத் துறை, நடுவண் ஆய்வு நிறுவனங்கள் ஆகியவை சேர்ந்து உழைக்கின்றன. ஒரு காலத்தில் ஆற்றில் மீன்பிடித்ததற்காகக் கைதானவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அதே ஆற்றின் மீன் கணக்கைப் பராமரிக்கும் ஊழியர்களாக இருப்பதைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது.

பொரிப்பகம் பற்றிய வழக்கு

இடிப்பின்போது இறங்கும் வண்டல், எஞ்சிய கொஞ்ச மீனையும் கொன்றுவிடுமோ என்ற அச்சம் இருந்தது. ஆகவே பொரிப்பகங்களில் எல்வா மீன்களின் வித்தைக் காத்து, குஞ்சுகளை ஆற்றில் விடுவது என்று திட்டமிட்டார்கள். காட்டு மீன் பாதுகாப்பு அமைப்புகள் சில இதை எதிர்த்து 2012இல் நீதிமன்றம் சென்றன. தொட்டியில் வளர்ந்த மீன்கள் காட்டு மீனோடு கலந்தால் ஆற்றுக்கு ஏற்பத் தகவமையும் திறன் குன்றும் என்பது அவர்கள் வாதம். நூறாண்டு காத்திருந்த தங்கள் மக்களுக்கு மீன் முற்றிலும் அழியும் ஆபத்தை ஏற்க முடியாது என்பது கிளாலம் தரப்பின் நிலை. இரு தரப்பும் ஆற்றின் நன்மையையே நாடின என்பதால் இவ்வழக்கைப் படிப்பவர்க்கு எளிதில் ஒரு பக்கம் சாய முடியாது. 1915இன் பொரிப்பகம் ஆற்றுக்கு மாற்றாக வைக்கப்பட்டது. 2012இன் பொரிப்பகம் திறக்கப்பட்ட ஆற்றுக்குத் துணையாக, காலவரம்போடு வைக்கப்பட்டது. இந்த வேறுபாடு பெரிது. ஆனால் காலவரம்பு உண்மையிலேயே கடைப்பிடிக்கப்படுமா என்ற எதிர்த்தரப்பின் ஐயமும் வரலாற்றை அறிந்தவர்களுக்கு நியாயமானதாகவே தோன்றும்.

எனவே மீட்புத் திட்டம் நான்கு கட்டங்களை வகுத்தது: இருப்பதைக் காத்தல், மீன் மேற்பகுதியில் மீண்டும் குடியேறுதல், ஆற்றுக்கு ஏற்பத் தகவமைதல், தானே நிலைத்து வாழுதல். கட்டம் மாற மீனின் எண்ணிக்கை மட்டும் போதாது. பிறந்த இடமும் பார்க்கப்படும். அதைக் காட்டுவது மீனின் உள்காதில் உள்ள ஓட்டோலித் என்னும் சிறு கல். மரத்தின் வளையங்கள்போல் அதில் வளர்ச்சி வளையங்கள் உண்டு. பொரிப்பகத்தில் நீரின் வெப்பத்தைத் திட்டமிட்டு மாற்றினால் அக்கல்லில் தனி வரிகள் விழும். ஆண்டுகள் கழித்து, முட்டையிட்டு இறந்து கரையொதுங்கிய மீனின் தலையிலிருந்து கல்லை எடுத்துப் பார்த்தால், அது பொரிப்பகத்தில் பிறந்ததா ஆற்றில் பிறந்ததா என்பது தெரிந்துவிடும்.

சினூக் விஷயத்தில் இந்தக் கல் கூறுவது அவ்வளவு மகிழ்ச்சியான செய்தியன்று. அணை போனபின் சினூக் பல ஆயிரங்களாக ஏறுகிறது. மேல் அணைக்கும் அப்பால் முட்டையிடுகிறது. ஆனால் ஏறுபவற்றில் பெரும்பாலானவை பொரிப்பகத்தில் பிறந்தவையே. சோனார் எண்ணிக்கையை மட்டும் பார்த்தவர் மீட்பு முடிந்துவிட்டது என்று எண்ணக்கூடும்.

சிறைப்பட்ட டிரவுட்

எல்வா தந்த பெரிய வியப்பு ஸ்டீல்ஹெட். இது தனி மீன் அன்று. வானவில் டிரவுட் என்னும் ஒரே இனத்தில் ஆற்றிலேயே தங்கிவிடுவதை டிரவுட் என்றும், கடலுக்குப் போய்ப் பருத்துத் திரும்புவதை ஸ்டீல்ஹெட் என்றும் அழைக்கிறார்கள். நீலகிரியில் ஆங்கிலேயர் காலத்தில் கொண்டுவந்து விடப்பட்டு, அவலாஞ்சிப் பொரிப்பகத்தில் இன்றும் வளர்க்கப்படுவதும் இதே இனம்தான். அங்கு அது வந்தேறி. எல்வாவில் மண்ணின் மைந்தன்.

அணைகள் எழுந்தபோது மேலே இருந்த மீன்கள் அங்கேயே சிக்கிக்கொண்டன. கடலுக்குச் சென்றால் திரும்ப வழியில்லை. தலைமுறை தலைமுறையாக அவை ஆற்று டிரவுட்டாகவே வாழ்ந்தன. முன்பு கோடைக்காலத்தில் ஏறிய ஸ்டீல்ஹெட் வகை எல்வாவில் கிட்டத்தட்ட அற்றுப்போனதாகவே கருதப்பட்டது. அணை போன சில ஆண்டுகளில், மேற்பகுதியில் நீரில் மிதந்து எண்ணியவர்கள் கோடைக்கால ஸ்டீல்ஹெட் மீன்களை நூற்றுக்கணக்கில் கண்டனர். அணை அகற்றத்துக்குப் பின் எந்தப் பொரிப்பகமும் இவ்வகையை எல்வாவில் விடவில்லை. மரபணு ஆய்வு விளக்கம் தந்தது: அணைகளுக்கு மேலே சிறைப்பட்டிருந்த டிரவுட்டின் வழித்தோன்றல்கள் கடலுக்குச் சென்று திரும்பியிருந்தன. கோடையில் ஏறுவதற்கான மரபுக்கூறு ஒரு நூற்றாண்டு அந்த மேலாற்று மீன்களிடம் அழியாமல் இருந்திருக்கிறது.

புல் டிரவுட்டும் கடலுக்குச் சென்று வருகிறது. முன்பைவிடப் பெரிதாக வளர்கிறது. ஆற்றோரத்தில் வாழும் டிப்பர் என்ற சிறு பறவையின் உடலிலும் கடலிலிருந்து சால்மன் கொண்டுவந்த சத்தின் அடையாளத்தை ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். பிங்க், சம் ஆகிய வகைகள் இந்த அளவுக்குத் தேறவில்லை. இவை ஆற்றின் கீழ்ப்பகுதியில் முட்டையிடுபவை. வண்டலின் முழு அடியும் விழுந்தது அங்குதான்.

மீண்டும் மீன்பிடி

அணை இடிப்பு தொடங்கியபோது எல்வாவில் மீன்பிடித்தல் முழுமையாக நிறுத்தப்பட்டது. கிளாலம் மக்களும் அதற்கு உடன்பட்டுத் தம் உடன்படிக்கை உரிமையைத் தாமாகவே ஒதுக்கி வைத்தனர். ஐந்தாண்டு என்று தொடங்கிய தடை, கணக்கெடுப்பு முடிவுகளைப் பார்த்துப் பார்த்து நீட்டிக்கப்பட்டது. 2023 அக்டோபரில், கோஹோ சால்மன் போதிய அளவு தேறியிருப்பதாகக் கணக்கு காட்டியதால், லோயர் எல்வா கிளாலம் மக்களுக்கு மட்டும் சடங்குக்காகவும் வீட்டு உணவுக்காகவும் வரையறுக்கப்பட்ட எண்ணிக்கையில் கோஹோ பிடிக்க அனுமதி வந்தது. கீழாற்றில் சில வாரங்கள் தூண்டிலும் வலையும் இறங்கின. சினூக், ஸ்டீல்ஹெட் ஆகியவற்றுக்கு அப்போது அனுமதி தரப்படவில்லை.